சூடு தெரியாத கைகள்

யாகப்பனின் நியமன உத்தரவில் அவருடைய வேலையின் பெயர் ஒன்றரை வரிக்கு நீண்டிருந்தது. ஊர் அதை இரண்டே சொல்லில் முடித்துவிட்டது: குஷ்ட இன்ஸ்பெக்டர். 1958இல் செங்கல்பட்டுப் பக்கம் ஆறு மாதம் பயிற்சி முடித்து, ஒரு சைக்கிளும் ஒரு தோல் பையும் வாங்கிக்கொண்டு அவர் ஸ்ரீபெரும்புதூருக்கு வந்தபோது வயது இருபத்து நான்கு. பெண் பார்க்கப் போன இடத்தில் அவருடைய மாமா "மாப்பிள்ளை இன்ஸ்பெக்டர்" என்று சொல்லி அதோடு நிறுத்திக்கொண்டார். போலீஸா, ரெவின்யூவா என்று பெண் வீட்டார் கேட்கவில்லை, மாமாவும் வாயைத் திறக்கவில்லை. அன்னபுஷ்பத்துக்கு விஷயம் தெரிந்தது கல்யாணமாகி மூன்றாம் நாள். அவள் அழவில்லை. பை வாசலிலேயே தொங்க வேண்டும், கிணற்றடியில் கைகால் கழுவிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று இரண்டு சட்டம் மட்டும் போட்டாள். இருபது வருஷம் புருஷன் எவ்வளவோ எடுத்துச் சொல்லியும் அந்தச் சட்டம் மாறவில்லை. கட்டின பெண்டாட்டியின் பயத்தையே போக்க முடியாதவர் ஊர்ப் பயத்தைப் போக்கக் கிளம்பியிருந்தார்.

அந்த நாளில் செங்கல்பட்டு ஜில்லாவில் இந்த வியாதி எட்டாத ஊர் குறைவு. உடம்பில் எங்கேயோ ஒரு படை வரும். வலிக்காது, அரிக்காது. தொட்டால் தெரியாது, அவ்வளவுதான். அதைத் தேமல் என்று சொல்லிவிட்டு நாலைந்து வருஷம் சும்மா இருந்தால் கைவிரல்கள் மரத்து, மடங்கி, பிறகு காயம்பட்டுக் கரைந்துபோகும். மருந்து இருந்தது. சின்ன வெள்ளை மாத்திரை, வெற்றிலை பாக்கைவிட மலிவு. அரசாங்கம் இனாமாகவே கொடுத்தது. தட்டுப்பாடு மாத்திரைக்கு இல்லை, நோயாளிக்குத்தான். படையைக் காட்டினால் பெண்ணுக்குக் கல்யாணம் நடக்காது, ஆணை நடவுக்குக் கூப்பிட மாட்டார்கள், குடும்பத்தையே பொதுக் கிணற்றில் சேர்க்க மாட்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். முதல் வருஷம் யாகப்பன் சைக்கிளில் சுற்றாத தெரு இல்லை. கிடைத்தவர்கள் பதினொரு பேர். பதினொரு பேருக்கும் ஏற்கெனவே விரல்கள் போயிருந்தன. மாத்திரை நோயை நிறுத்தும், போன விரலைக் கொண்டுவராது.

வழி பிறந்தது தண்டலத்தில் ஒரு டீக்கடையில். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவன் தன் அண்ணியைப் பற்றிப் பெருமையடித்துக்கொண்டிருந்தான்.

"எங்கூட்டு அண்ணி கொதிக்கிற கொழம்புச் சட்டிய வெறுங்கையால எறக்கி வெச்சுட்டு, இன்னாடா அப்டி பாக்குறேன்னு கேப்பாங்க. அந்தத் தெகிரியம் யாருக்கு வரும்?"

யாகப்பன் டீயை அப்படியே வைத்துவிட்டார். அது தைரியம் இல்லை என்று அந்தப் பெஞ்சில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். மறுநாள் ஏதோ கணக்கெடுப்பு என்று சொல்லிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்தார். முழங்கைக்குக் கீழே ஒரு ரூபாய் அளவு படை. விரல் பத்தும் முழுசாக இருந்தது. அந்த வேலையில் அவர் முதன்முதலாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு அவர் எந்த ஊருக்குப் போனாலும் படையைப் பற்றி வாயைத் திறப்பதில்லை. "இந்த ஊருல சூடு தாங்குற கை யாருக்கு?" என்றுதான் கேட்பார். வியாதியை மறைக்கிற ஜனம் வீரத்தை மறைக்குமா? ஆளுக்கு ஆள் போட்டி போட்டுக்கொண்டு காட்டினார்கள். அடுப்பிலிருந்து பானையை இறக்குகிறவள், எரிகிற பீடியை விரலால் நசுக்குகிறவன், முள் குத்தியதே தெரியாமல் வேலி கட்டுகிறவன். இதில் முக்கால்வாசிப் பேர் நிஜமாகவே காய்ப்பு ஏறின கைக்காரர்கள், அவர்களைப் பாராட்டிவிட்டு வந்துவிடுவார். மீதிக் கால்வாசிக்குத்தான் அவர் பையில் மாத்திரை இருந்தது.

1964இல் மண்ணூரில் சந்திரம்மாள் என்கிற அம்மாள் அப்படித்தான் புது மருமகளை முன்னால் தள்ளினாள்.

"எம் மருமவ கையி கையி இல்ல இன்ஸ்பெக்டரய்யா, இடுக்கி. வந்து ஆறு மாசமாவுது. துணி இல்லாமதான் ஒலப்பானைய எறக்குவா. ஒரு நாளு ஸ்ஸுன்னதில்ல."

மருமகள் பெயர் கிளியம்மாள். பதினெட்டு வயது. மாமியார் வாயால் புகழ்ச்சி கேட்கிற பாக்கியம் எத்தனை மருமகளுக்குக் கிடைக்கும்! வெட்கத்தோடு நின்றாள். யாகப்பன் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சை முறுக்கி அவள் வலது கையில் அங்கங்கே தொட்டு, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொன்னார். சுண்டுவிரல் பக்கம் தொட்டபோதெல்லாம் அவள் சும்மா நின்றாள். முழங்கை மூட்டுக்குப் பின்னால் தடவினால் நரம்பு கயிறுபோலத் தடித்திருந்தது. சந்திரம்மாளிடம் ரத்தம் கம்மி என்று சொல்லிவிட்டு, புதன்கிழமை வந்து மாத்திரை வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

புதன்கிழமை அவளிடம் உண்மையைச் சொன்னார். அவள் இரண்டே கேள்வி கேட்டாள்.

"வெரலு போயிடுமா?"

"மாத்திரைய வுடாம சாப்பிட்டா போவாதும்மா."

"எங்கூட்டுக்காரருக்குத் தெரியணுமா?"

"என் வாயால தெரியாது. ஆனா ஒண்ணு. வெளியில எங்க பார்த்தாலும் உன்னை எனக்குத் தெரியாது, என்னை உனக்குத் தெரியாது. பஸ்ஸு, திருவிழா, சாவு வூடு, எதுவா இருந்தாலும் சரி. நான் தலையைக் குனிஞ்சுகினு போயிடுவேன். நீ வருத்தப்படக் கூடாது."

இதை அவர் எல்லா நோயாளியிடமும் சொல்வார். குஷ்ட இன்ஸ்பெக்டர் ஒருவரைப் பார்த்துச் சிரித்தால் அவர் கதி என்ன? அதனால் அவர் வருஷக்கணக்காகக் கடைத்தெருவில் தரையைப் பார்த்தே நடந்தார். தெரியாதவர்கள் தலைக்கனம் பிடித்த மனுஷன் என்றார்கள். தெரிந்தவர்களும் அதையே சொன்னார்கள், அப்படிச் சொல்வதுதான் அவர்களுக்கும் பாதுகாப்பு.

மாத்திரை கொடுக்கிற இடத்தையும் அவர் யோசித்துத்தான் பிடித்திருந்தார். அப்பாவு என்பவருடைய புண்ணாக்குக் கடைக்குப் பின்னால் ஓர் அறை; அரசாங்கக் காகிதத்தில் அதற்குச் சிகிச்சை மையம் என்று பெயர். வருகிறவர்கள் கையில் பையோடு கடைக்குள் நுழைவார்கள், பின்கதவு வழியாக அறைக்குப் போவார்கள், மாத்திரையை வாங்கி முடிந்துகொண்டு கால் வீசைப் புண்ணாக்கோடு வெளியே வருவார்கள். வீட்டில் மாடே இல்லாதவர்கள்கூட வாராவாரம் புண்ணாக்கு வாங்கினார்கள். அரசாங்கத்தின் சுகாதாரச் செலவால் உடனடியாகக் கண்ணுக்குத் தெரிந்த பொருளாதார வளர்ச்சி அப்பாவுவின் புதன்கிழமை வியாபாரம்தான்.

கிளியம்மாள் ஏழு வருஷம் புண்ணாக்கு வாங்கினாள். யாகப்பன் சொன்னபடி பானை இறக்கத் துணி கேட்க ஆரம்பித்ததும் மாமியாருக்கு மனசு விட்டுப்போயிற்று. வந்தப்போ இருந்த தெம்பு இப்போ இல்லை என்று தெருவெல்லாம் சொன்னாள். மூன்றாம் வருஷம் ஒரு புதன்கிழமை கிளியம்மாள் சுண்டுவிரலில் கொப்புளத்தோடு வந்து நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

"சுட்டுச்சு இன்ஸ்பெக்டரய்யா! நல்லா சுட்டுச்சு!"

விரலைச் சுட்டுக்கொண்டு சந்தோஷப்பட்டவளையும், அதைக் கேட்டுக் கண் கலங்கியவரையும் புண்ணாக்குக் கடைக்குப் பின்னால்தான் பார்க்க முடியும். யாகப்பனுக்கு அன்றைக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி தன் மகன் பிறந்தபோதுகூட ஏற்படவில்லை என்று பிற்காலத்தில் அவரே அன்னபுஷ்பத்திடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார்.

1979க்குள் இப்படி முழுசாகக் குணமாகி, விரல் கெடாமல், பதிவேட்டில் சிவப்பு மையால் கோடு போடப்பட்டவர்கள் முப்பத்தொரு பேர். ஒருவர் நாற்று நட்டார், ஒருவர் லாரி ஓட்டினார், ஒருவர் பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். பட்டணத்துச் சாலையில் மின்விசிறி மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றுகிற கம்பெனி ஒன்று வந்தபோது கிளியம்மாள் அதில் வேலைக்குச் சேர்ந்தாள். தலைமயிர் மாதிரிக் கம்பி. விரலில் உணர்ச்சி கொஞ்சம் மட்டுப்பட்டாலும் அறுந்துபோகும். ஒரு ஷிஃப்டில் அவள் சுற்றிய காயில்களின் எண்ணிக்கையை வேறு யாரும் தொட்டதில்லை.

அவளுடைய தம்பி கண்ணப்பன் செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் செங்கல் சூளையில் இருந்தான். சூளை ஆறுவதற்கு முன்பே கல்லை வெறுங்கையால் எடுத்து அடுக்குவான் என்பதால் முதலாளி அவனுக்கு ஆயிரத்துக்கு இரண்டு ரூபாய் கூடக் கொடுத்தார். 1976 பொங்கலுக்கு வந்தவன் அக்காவிடம் இதைச் சொல்லிப் பெருமைப்பட்டான். கிளியம்மாள் அவன் கையைத் திருப்பிப் பார்த்தாள். அடுத்த புதன்கிழமை அவளே அவனைப் புண்ணாக்குக் கடைக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். தம்பிக்கு வந்திருந்தது கொஞ்சம் முற்றின வகை. ஆறு வருஷமாவது மாத்திரை வேண்டும், இடையில் விட்டால் கை மடங்கிவிடும் என்றார் யாகப்பன்.

மூன்று வருஷம் ஒழுங்காகப் போயிற்று. அந்தச் சமயத்தில்தான் பட்டணத்திலிருந்து ஒரு காகிதம் வந்தது. இந்த மையத்துக்கு ஆண்டுச் செலவு பதினோராயிரம் ரூபாய். போன ஆண்டு கண்டுபிடிக்கப்பட்ட புது நோயாளிகள் நாலே பேர். ஆகவே தலைக்கு இரண்டாயிரத்து எழுநூற்றைம்பது ரூபாய். இது கட்டுப்படியாகுமா என்று நேரில் பார்த்து எழுத ஓர் அதிகாரி வருகிறார். நோயைத் துரத்தத் துரத்த, மிச்சம் இருக்கிற நோயாளியின் விலை ஏறிக்கொண்டே போகும் என்பது எந்தக் கிறுக்கனுக்கும் தெரியும். ஆனால் காகிதத்தில் வகுத்தல் கணக்குக்குத்தான் இடம் இருந்தது. புதன்கிழமை வந்த ஒன்பது பேரிடமும் யாகப்பன் விஷயத்தைச் சொன்னார். மையம் மூடினால் மாத்திரைக்குச் செங்கல்பட்டுக்குத்தான் போக வேண்டும், இரண்டு பஸ் மாற வேண்டும், ஒரு நாள் கூலி போகும். கண்ணப்பன் வீட்டுக்குப் போய் அக்காவிடம் அப்படியே ஒப்பித்தான்.

அதிகாரி நடேசன் ஒரு வெள்ளிக்கிழமை ஜீப்பில் வந்து இறங்கினார். முப்பத்தைந்து வயதிருக்கும். பொருளாதாரம் படித்தவர், மரியாதையானவர், கெட்டவர் என்று சொல்ல ஒரு காரணமும் கிடையாது. புண்ணாக்கு வாடையில் மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் உட்கார்ந்து பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தார்.

"முப்பத்தொரு பேர் குணம்னு எழுதியிருக்கீங்க. நல்லது. இன்னொரு ஜில்லாவுல இப்படித்தான் ஒரு பதிவேடு பார்த்தேன். செத்துப்போன மூணு பேர் மாத்திரை சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. தப்பா நினைக்காதீங்க, எழுத யாராலயும் முடியும். இந்த முப்பத்தொண்ணுல ஒருத்தரைக் காட்டுங்க. நல்ல கையோட வேலை செஞ்சு சம்பாதிக்கிற ஒரே ஒருத்தர். மையம் இருக்கணும்னு எழுதிட்டுப் போறேன்."

அதிகாரி வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு இரண்டு பேர் தாங்களாகவே வந்து வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். கோயில் வாசலில் பிச்சை எடுக்கிறவர்கள், முதல் வருஷத்துப் பதினொரு பேரில் மிஞ்சியவர்கள். விரல் இல்லாத கைகளைத் தூக்கிக் கும்பிட்டார்கள். நடேசன் அவர்களைப் பார்த்துவிட்டுப் பதிவேட்டைப் பார்த்தார். பிழைக்காத கைகளுக்குக் கூச்சம் விட்டுப்போயிருந்தது. பிழைத்த கைகள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தன.

"சாயங்காலத்துக்குள்ள சொல்றேன் சார்" என்றார் யாகப்பன். யாரைப் போய்க் கேட்பது? கரும்பலகையில் எழுதுகிறவரையா? மறுநாள் எந்தப் பிள்ளை அவர் வகுப்பில் உட்காரும்? முப்பத்தொரு பெயரும் அவருக்கு மனப்பாடம். ஒவ்வொரு பெயராக மனசுக்குள் எடுத்து, அந்தந்த வீட்டை நினைத்து, அப்படியே கீழே வைத்தார். ஒருவரையும் போய்க் கேட்கவில்லை.

மத்தியானம் நடேசனுக்குச் சாப்பாடு கம்பி சுற்றுகிற கம்பெனியில். அங்கே மானேஜராக இருந்த கோபால் அவரோடு காலேஜில் படித்தவர். நீங்களும் வாங்க என்று யாகப்பனையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார்கள். சாப்பாடு முடிந்ததும் கோபால் நண்பனுக்குக் கம்பெனியைச் சுற்றிக் காட்டினார். நீளமான கூடம். இரண்டு வரிசை மேஜை. ஊதாச் சேலையில் பெண்கள் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். கோபால் நேராக மூன்றாவது மேஜைக்குப் போய் நின்றார். யாகப்பன் இரண்டடி பின்னாலேயே நின்றுகொண்டார்.

"இவங்க கிளியம்மா. எங்க லைன்லயே பெஸ்ட் ஹேண்ட். இவங்க சுத்தின காயில் இதுவரைக்கும் ஒண்ணுகூட ரிஜெக்ட் ஆனதில்ல. புதுசா வர பொண்ணுங்களை இவங்க பக்கத்துலதான் உட்கார வைப்போம்."

நடேசன் உண்மையாகவே வியந்துபோனார். குனிந்து அந்த விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சுண்டுவிரல் நுனியில் கம்பி வழுக்கிப் போக, கட்டைவிரல் அதை மடக்கிக் கொடுக்க, உருளை சுற்றிக்கொண்டே இருந்தது. முடிந்த காயில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பிறகு திரும்பி யாகப்பனிடம் கனிவாகத்தான் சொன்னார்.

"தேசம் முன்னேறுதுன்னா இதுதான் மிஸ்டர் யாகப்பன். இந்தக் கை ஒரு நாளைக்கு எவ்வளவு உற்பத்தி பண்ணுதுன்னு அளந்து சொல்ல முடியும். உங்க மாத்திரைக்கும் இப்படி ஒரு அளவு சொல்லுங்க, எழுத நான் தயார்."

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை கேட்டிருக்கிறோம். இங்கே நெய்யிலேயே நின்றுகொண்டு அலைந்தார் மனுஷர். ஒரு வாக்கியம் போதும். "சார், இந்தக் கை அந்த முப்பத்தொண்ணுல ஒண்ணு." யாகப்பனின் தொண்டை வரைக்கும் அது வந்தது. ஆனால் பக்கத்து மேஜையில் ஆறு பெண்கள், எதிரே மானேஜர். அந்த வாக்கியம் வெளியே வந்த மறுநிமிஷம் கிளியம்மாள் தொட்ட கம்பியை யாரும் தொட மாட்டார்கள். பதினைந்து வருஷத்துக்கு முன் கொடுத்த வாக்கு. அவர் வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டார். தரையில் செம்புத் துணுக்குகள் கிடந்தன. உருளை நின்றுபோன சத்தம் கேட்டது. கிளியம்மாள் வேலையை நிறுத்தியிருந்தாள். அவள் தன்னையே பார்க்கிறாள் என்று அவருக்குப் பிடரியில் தெரிந்தது. நிமிர்ந்தால் காட்டிக் கொடுத்தது போலாகும் என்று பயந்து இன்னும் குனிந்தார். ஒரு நிமிஷம் கழித்து உருளை மறுபடி சுற்ற ஆரம்பித்தது. அப்பாடா என்று மூச்சு விட்டார்.

நடேசன் நேர்மையானவர். பார்த்ததை எழுதினார், பார்க்காததை எழுதவில்லை. செலவுக்கு ஈடான பயன் நேரில் மெய்ப்பிக்கப்படவில்லை என்று ஒரு வரி. 1980 மார்ச்சோடு மையம் மூடப்பட்டது. யாகப்பனை மதுராந்தகம் பக்கம் மாற்றினார்கள். அப்பாவுவுக்குப் புதன்கிழமை வியாபாரம் படுத்துவிட்டது, ஜனங்கள் திடீரென்று மாடு வளர்ப்பதை விட்டுவிட்டார்களா என்று பக்கத்துக் கடைக்காரர்கள் ரொம்ப நாள் யோசித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்பது நோயாளிகளுக்கும் செங்கல்பட்டுக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கப்பட்டது.

இரண்டு வருஷம் கழித்து, 1982 ஆடி மாதம், சொந்தத்தில் ஒரு ஞானஸ்நானத்துக்கு வந்துவிட்டு யாகப்பன் ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்தில் நின்றிருந்தார். மாலை நாலரை மணி. ஷிஃப்ட் விட்டு ஊதாச் சேலைக்காரிகள் கும்பலாக வந்துகொண்டிருந்தார்கள். அவர் பழக்கதோஷத்தில் முகத்தைத் திருப்பி, சுவரில் ஒட்டியிருந்த சினிமா போஸ்டரைப் படிக்கத் தொடங்கினார்.

"இன்ஸ்பெக்டரய்யா!"

அவர் திரும்பவில்லை. வேறு எந்த இன்ஸ்பெக்டரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைக்க ஆசைப்பட்டார்.

"இன்ஸ்பெக்டரய்யா, ஒங்களத்தான். நான் கிளியம்மா."

கும்பலைப் பிளந்துகொண்டு வந்து எதிரிலேயே நின்றாள். நாலைந்து பெண்கள் வேடிக்கை பார்க்கக் கூடவே வந்துவிட்டார்கள். யாகப்பன் தாழ்ந்த குரலில், "இன்னாம்மா இது, இத்தினி பேரு எதிர்ல" என்றார்.

"கண்ணப்பன் கை மடங்கிடுச்சுய்யா. மூணு வெரலு. செங்கல்பட்டுக்கு ரெண்டு தபா போனான். ஒரு நாளு போனா ஒரு நாளு கூலி போவுது, சூளையில இன்னா ஏதுன்னு நோண்டறாங்க. வுட்டுட்டான். நான் திட்டினேன், கெஞ்சினேன். சூடு தெரியலன்னுதானே கல்லு எடுத்துகினு இருந்தான், இப்போ கல்லே புடிக்க முடியல. தண்ணி ஊத்துற வேலை, அரைக் கூலி. ரெண்டு புள்ளைங்க கீது அவனுக்கு."

"சர்க்காரு மூடிட்டாங்கம்மா, நான் இன்னா பண்ணுவேன்" என்றார் யாகப்பன்.

"அன்னிக்கு அந்த ஆபீசரு எங்கைய பாத்துகினு நின்னாரே, அப்போ எனக்குத் தெரியாதா அவுரு எதுக்கு வந்தாருன்னு? தம்பிதான் சொல்லியிருந்தானே. வேலைய நிறுத்திட்டு ஒங்களையே பாத்துகினு கீறேன். நீங்க ஒரு தபா நிமிந்து பாத்திருந்தா நானே சொல்லியிருப்பேன். வாயில வந்துடுச்சு. நீங்க குனிஞ்சீங்க. சரி, சொல்லாதேன்றாரு போலன்னு நானும் உருளைய சுத்திட்டேன்."

"ஒனக்கு வேலை போயிருக்கும்மா."

"போயிருக்கும். நல்ல கை கீது எனக்கு, வேற எங்கயாச்சும் போயி பொழச்சிருப்பேன். அவன் இனிமே எங்கய்யா போவான்?"

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஷிஃப்ட் முடிந்து வருகிறவளின் களைத்த குரலில்தான் சொன்னாள். யாகப்பன் தான் செய்த தப்பு இன்னதென்று அந்தப் பஸ் நிலையத்தில் தெரிந்துகொண்டார். முப்பத்தொரு பேரும் மறுப்பார்கள் என்று அவரே முடிவு கட்டிக்கொண்டார், ஒருவரையும் கேட்கவில்லை. அவமானமாக இருந்தது. எத்தனையோ வீடுகளில் கதவைத் தட்டின கை, அந்த ஒரு நாள் தட்டாமல் விட்டுவிட்டது. அவர் அதை மறைக்கவில்லை.

"ஒன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்மா. கேக்காம வுட்டேன். தப்பு என்னுதுதான்" என்றார்.

கூட வந்திருந்த பெண்களில் ஒருத்தி கிளியம்மாளின் முந்தானையை இழுத்தாள். "யாருக்கா இவுரு?"

மதுராந்தகம் பஸ் வந்து நின்றது. யாகப்பன் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. கிளியம்மாள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, கேட்டவளிடம் திரும்பினாள்.

"குஷ்ட இன்ஸ்பெக்டரு. எனக்கு ஏழு வருசம் மாத்திரை குடுத்தவுரு."

முந்தானையைப் பிடித்திருந்த கை சட்டென்று விட்டுவிட்டது. இன்னொருத்தி அரை அடி பின்னால் நகர்ந்தாள். மூன்றாமவள் மட்டும், கிளியம்மாளிடம் வேலை பழகினவள், நகராமல் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள். கண்டக்டர் விசில் ஊதினார். யாகப்பன் ஏறவில்லை, பஸ் போய்விட்டது.

"தம்பி கையை நான் பாக்கணும். நாளைக்குக் காலையில சூளைக்கு வரேன்" என்றார். "மடங்கினது நிமிராது. மாத்திரைய மறுபடி புடிச்சான்னா மிச்ச ரெண்டு வெரலையும் இன்னொரு கையையும் காப்பாத்தலாம். மாத்திரை நான் கொண்டாந்து தரேன். மதுராந்தகத்துலேர்ந்து மாசம் ஒரு நாளு வர்றது ஒண்ணும் கஷ்டமில்ல."

"நாளைக்கு எதுக்கு? இப்பவே வாங்க. இருட்டறதுக்குள்ள போயிடலாம்."

அவள் முன்னால் நடந்தாள். பஸ் நிலையத்தில் ஊதாச் சேலைகள் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழி விட்டன. யாகப்பன் தன் மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு, எல்லோரும் பார்க்க, அவளுக்குப் பின்னால் செம்பரம்பாக்கம் போகிற பஸ்ஸில் ஏறினார்.